அடியிலிருந்து எண்ணிய வெற்றிலை

என் மகள் ஆனந்தலட்சுமி, காரோடு ஊரைச் சேர்ந்த வேதமணியின் மகன் ஜிஜோவைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். சர்ச்சுக்குப் போகிற வேதக்காரப் பையனுக்கு ஏது ஜாதகம்? "பொருத்தம் பாக்க வழியில்ல. பிரசனம் வைப்போம். அதில கொள்ளாம், நல்லதுன்னு வந்தா நடத்துவோம், இல்லேன்னா இந்தப் பேச்சே வேண்டாம்" என்று என் வீட்டுக்காரர் பூதலிங்கம் சொல்லிவிட்டார்.

வெள்ளறடையில் மோகனன் ஜோசியர் வெற்றிலை வைத்துப் பிரசனம் பார்த்துப் பலன் சொல்வார். நாம் கொண்டுபோகும் வெற்றிலைக் கட்டிலிருந்து ஒவ்வொரு இலையாக எண்ணி எடுப்பார். ஏழாவது இலைதான் கல்யாணம். அது கிழிந்திருந்தால் கதை முடிந்தது.

விதியை நம்பி மகளை விட எனக்கு மனசில்லை. கிளம்பும் நாள் காலையில் அடுக்களையில் வெற்றிலைக் கட்டைப் பிரித்தேன். மோசமான இலைகளைத் தூக்கி எறியப் பயம், தெய்வக்குற்றம் ஆகிவிடுமே. இடம் மாற்றினால் குற்றமில்லை என்று நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு, நல்லதையெல்லாம் மேலேயும் கிழிசலையும் ஓட்டையையும் அடியிலும் வைத்துக் கட்டினேன்.

என் நேரம், நாங்கள் இருவரும் போன பஸ் வழியில் பஞ்சராகி நின்றது. வெயிலில் காய்ந்து அடுத்த பஸ்ஸைப் பிடித்து, கட்டை என் வீட்டுக்காரர் மடியில் வைத்துவிட்டு அசந்து தூங்கிவிட்டேன். ஜோசியர் வீட்டுப் படியேறும்போது சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது.

ஜோசியர் கட்டை வாங்கி, "உச்சி கழிஞ்சாச்சு. காலையிலன்னா மேல இருந்து எண்ணலாம். இனி அடியில இருந்தாக்கும்" என்றார்.

பாவி, பெற்ற மகளின் வாழ்க்கையை என் கையாலேயே கெடுத்துவிட்டேனே! கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

"ஏழாமத்தது நல்ல பச்சை. ஒரு கீறல் இல்ல. கொள்ளாம், தைரியமா நடத்துங்க."

பஸ் ஸ்டாப்புக்கு வந்தபிறகும் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அந்தக் கிழிஞ்ச இலையெல்லாம் எங்க போச்சு?" என்று வாய்தவறிக் கேட்டுவிட்டேன்.

"கட்டுலதான் உண்டு" என்றார் என் வீட்டுக்காரர். "நீ அடுக்களையில அடுக்குனத நான் பாத்தேன். நேரம் கழிஞ்சா அடியில இருந்து எண்ணுவாருன்னும் தெரியும். நீ உறங்கினப்ப அடியில கிடந்தத எல்லாம் எடுத்து மேல வச்சேன், கேட்டியா."

"அப்ப உங்களுக்குச் சம்மதமா? பின்ன எதுக்கு எங்கள இந்தப் பாடு படுத்துனீங்க?"

"எனக்கு எப்பவோ சம்மதம் சுந்தரி. நாளைக்கு என் அண்ணன் எப்படிச் சம்மதிச்சேன்னு கேட்டா, 'பிரசனத்துல வந்துட்டு'ன்னு சொல்ல எனக்கு ஒரு சாக்கு வேண்டாமா?"

அந்த மனுஷனை நடுரோட்டில் வைத்து நாலு வார்த்தை கேட்கலாம் என்றுதான் இருந்தது. ஆனால் நெஞ்சிலிருந்த பாரம் இறங்கி, அழுகைதான் வந்தது. அதற்குள் அவர் மகளுக்குப் போன் போட்டுவிட்டார்.

"மக்கா," என்றார். "ஜிஜோவுக்க அப்பாவையும் அம்மாவையும் ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சதும் வரச் சொல்லு. சோறு நம்ம வீட்டுலயாக்கும்."