பெரியவரின் வாளி

லாயத்தில் வேலை செய்பவர்கள் அவளுக்கு முதுகுக்குப் பின்னால் வைத்திருந்த பெயர் பூதக்கண்ணாடி. வைக்கோல் கட்டு வந்தால் அவிழ்த்துப் பார்ப்பாள். அவிழ்த்தவன் முகத்தையும் ஒருமுறை பார்ப்பாள். கணவன் இறந்த பிறகு சவாரிப் பள்ளியை ஒற்றை ஆளாக இழுத்துக்கொண்டு வந்தவள். தன்னைக் காப்பாற்றியதே சந்தேகம்தான் என்பது அவள் எண்ணம். அதில் பாதி உண்மையும் இருந்தது.

இப்போது அந்தச் சந்தேகம் கொழுந்தன் மேல் விழுந்திருந்தது. அவளை ஒரு வார்த்தை கேட்காமல் தூரத்து ஏலத்தில் ஒரு பெண்குதிரையை வாங்கி வந்தவன் அவன். வந்து கொஞ்ச நாளிலேயே அதன் தாடைக்கடியில் கட்டி வீங்கியது, மூக்கில் சீழ் ஒழுகியது. அடுத்து பக்கத்துக் கொட்டடிக் குதிரை, அப்புறம் எதிர்க் கொட்டடி என்று நோய் ஏறக்குறைய எல்லாவற்றையும் பிடித்துவிட்டது. சவாரி நின்றது. பள்ளி வாசலில் பூட்டு தொங்கியது.

"உன் புதுப்பொண்ணு கொண்டுவந்த சீர் இதுதானா?" என்றாள்.

"அது இங்க வந்துதான் நோயை வாங்கிச்சு அண்ணி. வரும்போது நல்லாத்தான் இருந்துச்சு."

"ஆய்வகம் சொல்லட்டும். கிருமி அதுகிட்டருந்து வந்ததுன்னு தெரிஞ்சா, அதையும் கூட்டிக்கிட்டு நீயும் கிளம்பு."

அவன் தலையாட்டினான். வேறு போக்கிடம் இல்லாதவன் இவ்வளவு சுலபமாகத் தலையாட்டுவானா? அதுவும் அவளுக்குச் சந்தேகமாகவே இருந்தது.

கால்நடை டாக்டர் வந்து ஒவ்வொரு குதிரையின் மூக்கு வழியாகவும் குழாய் விட்டு, தொண்டைக்கு மேலிருக்கும் பையைக் கழுவி, அந்தத் தண்ணீரைச் சின்னக் குப்பிகளில் எடுத்தார். கடைசியில் பெரியவர் பக்கம் திரும்பினார். பெரியவர் என்பது அவள் கணவன் ஓட்டிய கிழட்டுக் குதிரை. லாயத்தில் அவளுக்குச் சந்தேகம் இல்லாத ஒரே ஜீவன்.

"பெரியவருக்கு எதுக்கு டாக்டர்? ஒரு தும்மல்கூட இல்லையே!"

"தும்மாதவங்களைத்தாம்மா முதல்ல பார்க்கணும். முன்னாடி இங்க இதே நோய் வந்தப்ப இவரும் படுத்தவர்தானே? சில குதிரைங்களுக்கு நோய் போயிடும், கிருமி மட்டும் அந்தப் பையில குடியிருக்கும்."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டாக்டர் பேச்சோடு பேச்சாக, ஆய்வகத்து அம்மாவும் கொழுந்தனும் ஒன்றாகப் படித்தவர்கள் என்று சொல்லிவிட்டார். கேட்க வேண்டுமா? அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சிநேகிதனைக் காப்பாற்ற, பெண்குதிரையிடம் இருப்பது இந்த லாயத்துக் கிருமிதான் என்று அந்த அம்மா எழுதத்தான் போகிறாள்.

டாக்டர் கை கழுவப் போன நேரம் பார்த்து, குப்பிகளை அடுக்கியிருந்த ஐஸ் பெட்டியைத் திறந்தாள். பெரியவர் குப்பியின் பெயர்ச் சீட்டையும் பெண்குதிரை குப்பியின் சீட்டையும் உரித்து மாற்றி ஒட்டினாள். இனிப் பெண்குதிரை பெயரில் போவது பெரியவரின் சுத்தமான தண்ணீர். ஒன்றுமில்லாத தண்ணீரில் அந்த அம்மா ஒரு கிருமியைக் கண்டுபிடித்தால், கையும் களவுமாகப் பிடித்துவிடலாம். தன் சாமர்த்தியத்தை நினைத்து அவளுக்கே சிரிப்பு வந்தது.

ஆய்வகத்திலிருந்து அழைப்பு வந்ததும் கொழுந்தனையும் கூட்டிக்கொண்டு போனாள். மேஜையில் சிவப்புத் தட்டுகள் வரிசையாக இருந்தன. எல்லாவற்றிலும் பனித்துளி போலப் புள்ளிப் புள்ளியாகக் கிருமி வளர்ந்திருந்தது.

"எல்லாம் ஒரே ரகம்க்கா. ஆனா இது வெளியிலருந்து வந்ததில்லை," என்றாள் ஆய்வகத்து அம்மா. "முன்னாடி உங்க லாயத்துல நோய் வந்தப்ப எடுத்த கிருமியை உறைய வெச்சிருக்கோம். மரபணுவை வெச்சு ஒப்பிட்டுப் பார்த்தோம். அதோட நேர் வாரிசு இது."

கொழுந்தன் நிமிர்ந்து உட்கார்ந்தான். வந்துவிட்டது, நினைத்தபடியே வந்துவிட்டது என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"புரியாதது ஒண்ணுதான்," என்று அந்த அம்மா ஒரு தட்டை முன்னால் நகர்த்தினாள். "இந்தக் குப்பியில இருக்கிறது மட்டும் ஒரே உடம்புல வருஷக்கணக்கா வாழ்ந்த கிருமி. மத்தது எல்லாம் இதுலருந்து பிரிஞ்சது. சீட்டுல புதுப்பொண்ணு பேரு இருக்கு. நேத்து வந்த குதிரைக்குள்ள உங்க லாயத்துப் பழைய கிருமி எப்படிக்கா இத்தனை வருஷம் இருந்திருக்கும்?"

"எப்படி இருக்கும்? பொய்யில வேணா இருக்கும்!" அவள் மேஜையைத் தட்டி எழுந்தாள். "அந்தக் குப்பியில கிருமியே கிடையாது. சீட்டை மாத்தி ஒட்டினது நான். அது பெரியவரோட தண்ணி!"

ஆய்வகத்து அம்மா அவளையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பெரியவரோடதா? அப்போ கணக்கு சரியா வருதுக்கா," என்றாள் மெதுவாக.

அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான் வாளி நினைவுக்கு வந்தது. லாயத்துக்கு எந்தக் குதிரை புதிதாக வந்தாலும் பெரியவர் குடித்து மீதி வைத்த தண்ணீரைத்தான் அவள் முதலில் காட்டுவாள். வீட்டு வாசனை பிடிபடட்டும் என்பது அவளே ஏற்படுத்திய வழக்கம். ஏலத்துக் குதிரை மேல் எத்தனை கோபம் இருந்தும், அன்றைக்கு அந்த வாளியைத் தூக்கிக்கொண்டு போனது அவள் கைதான்.

"பெரியவரை..." என்று இழுத்தாள்.

"ஒண்ணும் பயப்படாதீங்கக்கா. தனியா கட்டி, பையைக் கழுவி மருந்து வெச்சா சரியாயிடும்."

திரும்பி வரும் வழியெல்லாம் கொழுந்தன் ஒரு சொல்கூடச் சொல்லிக் காட்டவில்லை. அவன் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

லாயத்தில் நுழைந்ததும் பெண்குதிரை வீங்கிய தாடையோடு கழுத்தை அவளை நோக்கி நீட்டியது. அவள் கையால் வாங்கிய முதல் தண்ணீரை அது மறக்கவில்லை போலும். பழக்கதோஷத்தில் வாளியை எடுத்தவள், எடுத்த இடத்திலேயே வைத்தாள். கண் கலங்கிவிட்டது.

"தம்பி, புது வாளி ஒண்ணு எடுத்து அதுக்கு நீயே தண்ணி வை," என்றாள். "என்னை நம்பாதே."