வாயசைப்பில்லாத பாட்டு

நடிகைக்கு முகம் சொந்தம். பாட்டென்று வந்தால் குரல் மட்டும் அக்காவுடையது. முதல் படத்திலிருந்தே அப்படித்தான். அக்கா ஒலிப்பதிவுக் கூடத்தில் பாடிவிட்டு வருவாள். தங்கை படப்பிடிப்பில் அதற்கு வாயசைப்பாள். வீட்டில் அவளைப் பொடிசு என்று கூப்பிடுவார்கள். கடைகண்ணிக்குப் போனால் யாராவது வழிமறித்து, "ரெண்டு வரி பாடுங்களேன்" என்று கேட்பார்கள். பொடிசு உடனே இருமுவாள். அந்த இருமல் அவளுக்கு நடிப்பைவிட நன்றாக வரும்.

புதுப் படத்தின் இயக்குநர் வெளிநாட்டில் சினிமா படித்துவிட்டு வந்தவர். கதை எளிமையானது. படகுத் துறையில் டிக்கெட் கொடுக்கும் பெண், அவளைப் பார்ப்பதற்காகவே தினமும் படகைத் தவறவிடும் ஒரு பியானோ மெக்கானிக். படம் முழுக்கப் பாட்டு.

"கனவுப் பாட்டு அசல் இந்தியப் படம் மாதிரியே இருக்கும்," என்றார் இயக்குநர். "கலர் கலரா உடுப்பு, பின்னாடி ஒரு படையே ஆடும், ஸ்பீக்கர்ல பாட்டு அலறும், நீங்க வாயசைச்சா போதும். ஆனா கடைசிப் பாட்டு வேற. அவன் ஊரை விட்டுப் போயிட்டான்னு தெரிஞ்சு, அவ சமையலறையில தனியா நின்னு பாடுறா. அதை மேல்நாட்டு இசைப் படங்கள்ல எடுக்கிற மாதிரி எடுக்கப்போறேன். நீங்களே பாடணும். அங்கயே, கேமரா முன்னாடி, ஒரே ஷாட்ல."

"நான் பாடினா தியேட்டர்ல ஒருத்தர் மிஞ்சமாட்டாங்க சார்."

"அந்தப் பொண்ணு என்ன பாடகியா? டிக்கெட் கிழிக்கிறவ. அவ எப்படிப் பாடுவாளோ அப்படிப் பாடுங்க, போதும்."

பொடிசுக்கு அந்தப் பதில் பிடித்துப்போயிற்று. சரியென்று தலையாட்டிவிட்டுக் காரில் ஏறிய பிறகுதான் அக்காவின் நினைப்பு வந்தது.

அக்காவிடம் எப்படிச் சொல்வது? "இந்தத் தடவை நீ வேண்டாம்" என்றா? இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள். அதற்குள் ஒரு பாட்டு ஆசிரியையைப் பிடித்து ரகசியமாகப் பயிற்சியும் தொடங்கிவிட்டாள். வீட்டில் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுப் பாடிப் பார்த்தாள். தினமும் போன் செய்து "சாப்பிட்டியா, தூங்கினியா" என்று துளைத்தெடுக்கும் அக்கா அந்த நாட்களில் கூப்பிடுவதைக் குறைத்துக்கொண்டதுகூட அவளுக்கு முதலில் வசதியாகத்தான் இருந்தது.

ஒருநாள் இசையமைப்பாளர் பேச்சுவாக்கில் சொன்னார்: "உங்க அக்காவைப் பார்த்தேன். கடைசிப் பாட்டை நீங்களே பாடப்போறீங்கன்னு சொல்லிட்டேன்."

பொடிசுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. தலையை ஆட்டிட்டு எழுந்து போயிட்டாங்க. கண்ணு கலங்கின மாதிரி இருந்துச்சு."

அன்று முதல் பொடிசு எத்தனை முறை கூப்பிட்டும் அக்கா போனை எடுக்கவில்லை. 'அப்புறம்' என்று ஒரு செய்தி வந்தது. 'வீட்டுக்கு வரட்டுமா?' என்று கேட்டதற்கு 'இப்ப வேண்டாம்' என்று பதில் வந்தது. சண்டை போட்டால்கூட மூச்சுவிடாமல் அரை மணி நேரம் பேசிவிட்டுத்தான் ஓயும் அக்கா, இரண்டு சொல்லோடு நிறுத்திக்கொண்டாள். அதைவிடப் பெரிய கோபம் இருக்க முடியாது என்று பொடிசு நினைத்தாள்.

கனவுப் பாட்டு படமாயிற்று. பல வாரங்களுக்கு முன்பே பதிவாகியிருந்த அக்காவின் குரல் ஸ்பீக்கரில் அதிர்ந்தது. பொடிசு ஆடினாள், சுழன்றாள், வாயசைத்தாள். டான்ஸ் மாஸ்டர் விசிலை ஊதி எல்லாரையும் நிறுத்தினார்.

"என்னம்மா, காதலனைப் பார்க்கிறியா, பல் டாக்டரைப் பார்க்கிறியா? மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

ஆடிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். பொடிசும் சிரித்துவைத்தாள். மறுநாள் காலையில் சமையலறைப் பாட்டு. இப்படியே போய் நின்றால் வாயைத் திறந்தாலும் சத்தம் வராது என்று அவளுக்குத் தெரிந்தது. மாலையில் படப்பிடிப்பு முடிந்ததும் மேக்கப்பைக்கூடச் சரியாகக் கலைக்காமல் அக்கா வீட்டுக்குப் போனாள்.

அக்கா கணவர்தான் கதவைத் திறந்தார். அவளைக் கண்டதும் ஒரு கணம் திருதிருவென்று விழித்தார்.

"அக்கா இருக்காளா மாமா?"

"இருக்கா. ஆனா..."

பொடிசு அவரைத் தாண்டி உள்ளே போனாள். அக்கா சமையல் மேடை அருகே நின்று பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். கத்தியைக் கீழே வைத்தாள். பேசவில்லை.

"நான் முன்னாடியே சொல்லியிருக்கணும்கா. தப்புதான். பயமா இருந்துச்சு. உன்னை வேண்டாம்னு யாரும் சொல்லல. அந்தக் காட்சிக்கு அப்படித் தேவைப்படுது, அவ்வளவுதான். நான் பாடக்கூடாதுன்னா சொல்லு, நாளைக்கே முடியாதுன்னு சொல்லிடறேன்."

அக்கா பேசவில்லை.

"வேத்து ஆள் மாதிரி நிக்காதக்கா. திட்டியாவது தொலையேன்!"

அக்கா தன் தொண்டையைத் தொட்டுக் காட்டி, கையை விரித்தாள். பிறகு 'நீங்களே சொல்லுங்கள்' என்பது போல் கணவரைப் பார்த்தாள்.

"அவளால திட்ட முடியாதும்மா," என்றார் மாமா. "பேசவே கூடாது. குரல்நாண்ல ஒரு கட்டி. அன்னைக்கு இசையமைப்பாளரைப் பார்க்கும்போதே பேசக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியாச்சு. விஷயம் வெளியே போனா யாரும் பாடக் கூப்பிடமாட்டாங்கன்னு மூடி மறைச்சா. போன வாரம் ஆபரேஷன் பண்ணி எடுத்தாங்க. சோதனைக்கு அனுப்பியிருந்தாங்க."

பொடிசு மாமாவின் பக்கம் திரும்பினாள். "சோதனைல..?"

"இன்னைக்குக் காலையிலதான் வந்துச்சு. பயப்பட ஒண்ணுமில்ல. சாதாரணக் கட்டி. கொஞ்ச நாள் பேசாம இருந்தா குரல் பழையபடி வந்துடும்னு சொல்லிட்டாங்க."

பொடிசு அப்படியே தரையில் உட்கார்ந்து அழத் தொடங்கினாள். அக்காவும் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தலையில் ஒரு குட்டு வைத்தாள். பிறகு போனை எடுத்து விறுவிறுவென்று எழுதி மாமாவிடம் நீட்டினாள்.

மாமா அதை ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி வாசித்தார்: "உன்கிட்ட சொன்னா நீ இப்படித்தான் அழுவ. முகம் வீங்கும். ஷூட்டிங் கெடும். அதான் சொல்லல."

அக்கா அவர் தோளில் அடித்தாள். "ஏத்த இறக்கத்தோட படிக்கச் சொல்றா," என்றார் மாமா.

"அப்ப அன்னைக்கு ஏன் அழுதே?"

அக்கா யோசித்துவிட்டு எழுதினாள். இந்த முறை போனைத் தங்கையிடமே கொடுத்தாள்.

'மிச்சமிருந்த அந்தக் கடைசிப் பாட்டை என்னால பாட முடியாதுன்னு உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம தவிச்சிட்டிருந்தேன். நீயே பாடுறேன்னு கேட்டதும் நெஞ்சுல இருந்த கல்லு இறங்கின மாதிரி இருந்துச்சு. கொஞ்சம் பொறாமையாவும் இருந்துச்சு. அதையும் சொல்லிடறேன்.'

பொடிசு இரண்டு முறை படித்தாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து மூக்கில் ஏறின. அன்று மூவரும் பீன்ஸைக் கொஞ்சம் தீயவிட்டுத்தான் சாப்பிட்டார்கள்.

மறுநாள் அக்காவும் படப்பிடிப்புக்கு வந்தாள். அரங்கில் மின்விசிறி, ஏசி எல்லாவற்றையும் அணைத்துவிட்டார்கள். பக்கத்து அறையில் ஒருவர் பியானோ வாசிக்க, அது பொடிசின் காதிலிருந்த சிறு கருவியில் மட்டும் கேட்டது. அக்கா ஒலிப்பதிவாளர் அருகே ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். உதவி இயக்குநர், "யாரும் வாயைத் திறக்கக்கூடாது!" என்று கத்தியபோது அக்கா பெருமையாகத் தன்னையே சுட்டிக்காட்டினாள். ஒலிப்பதிவாளர் காரணம் புரியாமலே சிரித்துவைத்தார்.

முதல் முறை பாடும்போதே பொடிசுக்கு ஏதோ இடித்தது. அக்கா மூச்செடுக்கும் இடத்தில்தான் அவளும் மூச்செடுத்தாள். அக்கா இழுக்கும் இடத்தில் இழுத்தாள். இத்தனை வருடம் வாயசைத்து வாயசைத்து உடம்பு அதற்கே பழகியிருந்தது. பாதியில் நிறுத்தி, "சார், இன்னொரு தடவை," என்றாள்.

இரண்டாம் முறை அவள் பாடுவதைப் பற்றி யோசிக்கவில்லை. தட்டைக் கழுவினாள், துடைத்தாள், அவன் போய்விட்டான் என்று அந்தத் தட்டிடம் சொல்வது போல் சொன்னாள். மூச்சு தீர்ந்த இடத்தில் எடுத்துக்கொண்டாள். மேல் வரியில் குரல் பிசிறியது. காரியம் கெட்டது என்று நினைத்தாலும் நிறுத்தாமல் கடைசிவரை போனாள்.

இயக்குநர் "கட்" சொல்ல மறந்து நின்று, பிறகு மெதுவாகச் சொன்னார்.

"மேல பிசிறிடுச்சு சார்."

"தெரியும். அதை யாராவது தொட்டா கையை ஒடிப்பேன்," என்றார் அவர்.

பொடிசு அக்காவைத் தேடினாள். அக்கா ஹெட்போனைக் கழற்றாமலே இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிச் சத்தமில்லாமல் தட்டிக்கொண்டிருந்தாள். கன்னமெல்லாம் ஈரம்.

திரும்பும்போது இருவரும் ஒரே காரில் வந்தார்கள். பொடிசு ஏறியதிலிருந்து பேசினாள். இத்தனை வாரம் தான் பட்ட பாடு, குளியலறைக் குழாய், ஆசிரியையின் பூனை, பிசிறிய அந்த வரி என்று எல்லாவற்றையும் கொட்டினாள். அக்கா நடுவில் ஏதோ சொல்ல வாயெடுத்து, டாக்டரை நினைத்து மூடிக்கொண்டாள். வாழ்க்கையில் முதல்முறையாக அவளால் குறுக்கே பேச முடியவில்லை. பொடிசு அதைக் கவனித்தாள். டிரைவரிடம், "கொஞ்சம் சுத்தியே போங்கண்ணே," என்று சொல்லிவிட்டு மறுபடி தொடங்கினாள்.