ஏகநாதனின் குதிகால் கொப்புளம்

கற்பூரம் அணைத்துச் சத்தியம்: இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது.

எண்பத்தெட்டாம் வருஷம், ஆடி மாதம். குடியை விட்டுவிட்டதாக அம்மன் முன்னால் வாக்குக் கொடுத்து, கீழ்க்கட்டளை ஏகநாதன் தீமிதிக்குக் காப்புக் கட்டியிருந்தான். விரதம் சுத்தமாக இருந்தால் நெருப்பு சுடாது. காலில் கொப்புளம் கண்டால் திருட்டுத்தனமாகக் குடித்திருக்கிறான் என்று ஊர் முடிவு கட்டிவிடும்.

மனைவி கிளியம்மாளின் அண்ணன் பக்தவச்சலம் முன்கூட்டியே சொல்லிவிட்டான்: "மச்சான், நீ நெருப்பத் தாண்டி பால்குழில எறங்கினதும் நான்தான் பாதத்த தூக்கிப் பாப்பேன். ஒரு கொப்புளம் இருந்துச்சுன்னு வெச்சுக்கோ, எந்தங்கச்சிய கூடுவாஞ்சேரிக்கு இட்டுகினு பூடுவேன்."

 

ஏகநாதன் ஒரு சொட்டுகூடத் தொடவில்லை. வினை வேறு பக்கமாக வந்தது. காப்புக் கட்டியவன் காலில் செருப்பு ஏறக்கூடாது. தாம்பரத்தில் அவன் காவல் நிற்கும் கம்பெனியிலோ பூட்ஸ் இல்லாமல் கேட்டில் நிற்க விடமாட்டார்கள். ஏகநாதன் ஒரு வழி கண்டுபிடித்தான். பூட்ஸ் போடுவது, சாக்ஸை விட்டுவிடுவது. சொகுசு இல்லாமல் போட்டால் அம்மன் பொறுத்துக்கொள்வாள் அல்லவா? அம்மன் பொறுத்துக்கொண்டாள். குதிகால்தான் பொறுக்கவில்லை.

பல்லாவரத்தில் நர்ஸ் ஞானசௌந்தரி காலைத் திருப்பிப் பார்த்தாள். "ஊசி கீசி வெச்சுக் குத்தாதீங்கண்ணா. சோப்புத் தண்ணில கழுவி, சுத்தமான துணி வெச்சுக் கட்டுங்க. தானா வத்திடும். பூட்ஸ் போட்டா சாக்ஸ் போட்டே ஆவணும், குதிகால்ல வேசலின் தடவிக்குங்க."

"ஞாயித்துக்கெழமைக்குள்ள வத்துமாம்மா? தீமிதி கீது."

"இந்தக் காலோட நெருப்புலயா? சீழ் கோத்துக்கும், வேணாம்ணா!"

வேண்டாம் என்று சொல்ல அவனால் முடியுமா? சொன்னால் அதுவே குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி.

கொப்புளமோ வளர்ந்தது. எலுமிச்சை ஆனது, தேங்காய் ஆனது. பஸ்ஸில் கண்டக்டர் அதற்கு லக்கேஜ் டிக்கெட் கேட்டார். ஏகநாதன் புரண்டு படுத்தால் உள்ளே தண்ணீர் தளும்பியது. மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானம் அதன் பளபளப்பில் தலைகீழாகத் தெரிந்தது.

கிளியம்மாள் பார்த்துவிட்டாள். "குடிச்சியா?"

"சத்தியமா இல்ல கிளி. பூட்ஸ் கடிச்சுது."

"இத எங்கண்ணன் நம்புமா?"

"நீ நம்புறியா?"

அவள் பழைய நூல்புடவையைக் கிழித்துக் கட்டுப் போட்டாள். மூலையில் அவளுடைய டிரங்குப் பெட்டி திறந்திருந்தது. உள்ளே துணிகள் மடித்து அடுக்கியிருந்தன.

ஞாயிற்றுக்கிழமை ஏகநாதன் கட்டை அவிழ்த்துவிட்டுத் தணலில் இறங்கினான். நடுக்குழியில் கொப்புளம் உடைந்தது. ஏரி மதகு திறந்தாற்போல் தண்ணீர் பாய, தணல் முழுக்கச் சீறி அவிந்தது. பின்னால் வந்தவர்கள் சேற்றில் நடப்பதுபோல் வேட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். ஆவிக்குள்ளிருந்து பக்தவச்சலம் தொப்பலாக நனைந்து வந்து ஏகநாதன் பாதத்தைத் தூக்கிப் பார்த்தான். குதிகால் குழந்தையின் கன்னம்போல் இருந்தது.

"இன்னா மச்சான், ஒன்னியுமே இல்ல! பேஜார் பண்ணிட்டேன், மன்ச்சுக்கோ."

கிளியம்மாள் வீட்டுக்குப் போய், பெட்டியிலிருந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்பக் கொடியில் போட்டாள்.

ஏகநாதன் இன்றைக்கும் கற்பூரம் அணைத்து இப்படித்தான் சொல்கிறான். ஆனால் அந்த ஆடியிலிருந்து கிளியம்மாள் கூடுவாஞ்சேரியில் அண்ணன் வீட்டில் இருக்கிறாள்.