ராத்திக்கா கோடு

எங்கள் தந்தையார் 1936இல் வரைந்த படத்தில், லாப்லாந்தின் வடகோடியில், குவோல்மா ஏரிக்கும் மேலே ஒரு கோடு ஓடுகிறது. ஆறாயிரம் ஆண்டுகளுக்கு முன் பைன் காடு அதுவரை நின்றது என்று பொருள். அந்த ஏரியின் சேற்றில் படிந்த பழைய மகரந்தத்தை எண்ணி அவர் கண்ட முடிவு அது. பாடப்புத்தகங்களில் அதற்கு எங்கள் குடும்பப் பெயர்: ராத்திக்கா கோடு.

1996 ஏப்ரலில், சிர்க்கா என்ற ஆய்வாளர் ஏரியின் உறைபனியைத் துளைத்து அடிச்சேற்றை மறுபடி எடுக்க வந்தார். நான் தடுக்கவில்லை. தம்பி வெய்க்கோவும் நானுமே அவருடைய குழாய்களை ஏரிக்கு இழுத்துச் சென்றோம்.

செப்டம்பரில் முடிவோடு வந்தவர் காப்பியைத் தொடவில்லை. பைன் மகரந்தம் அப்பா கணக்கிட்டபடியே ஏராளம். ஆனால் அது காற்றில் நெடுந்தொலைவு பறப்பது. மரமில்லாத வெற்று நிலத்தில் உள்ளூர் மகரந்தம் குறைவு என்பதால், பறந்து வந்ததே பெரும்பங்காகத் தெரியும். மரம் நின்றிருந்தால் ஊசியிலைத் துணுக்குகள் சேற்றில் கிடக்கும். ஒன்றுகூட இல்லை. கோடு எழுபது கிலோமீட்டர் தெற்கே இறங்குகிறது என்றார்.

"அந்தக் காலத்துல எல்லாரும் செஞ்ச தப்புதாங்க. அவர் ஊசியிலையத் தேடினாரான்னு மட்டும் தெரியல. குறிப்பேடு எதுவும் இருக்குங்களா?"

இருந்தது, பக்கத்து அறையில். அதில் அப்பாவின் கையெழுத்தில்: 'சேற்றை நான்கு முறை சல்லடையில் சலித்தேன். ஊசியிலை இல்லை.' அவர் வெளியிட்ட கட்டுரையில் அந்த வரி கிடையாது.

"போர்ல வீட்டோட எரிஞ்சுபோச்சு" என்றேன்.

1944இல் எங்கள் ஊரே எரிந்தது. யாரும் மறுகேள்வி கேட்பதில்லை. உண்மையில், ஊரைக் காலி செய்த அன்று அப்பா அந்த ஏட்டை மேலங்கிக்குள் செருகிக்கொண்டு நடந்தார். வெய்க்கோ அவர் கையைப் பிடித்திருந்தான்.

சிர்க்காவின் கார் போனபின், கூடவே உட்கார்ந்திருந்த வெய்க்கோ கேட்டான்: "அண்ணே, எரிஞ்ச நோட்ட போன குளிர்காலத்துல நாம ரெண்டு பேரும் எப்படிப் படிச்சோம்?"

"அப்பா தெரியாம தப்பு பண்ணாருன்னு எழுதட்டும். மறைச்சாருன்னு எவனும் எழுதக்கூடாது."

அவன் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

ஜனவரியில் கட்டுரை வந்தது. 'அக்காலத்திற்குரிய நேர்மையான பிழை' என்று அப்பாவைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம். அதற்கு மேல் நான் எதிர்பார்க்கவில்லை. கடைசியில் உதவியவர்களுக்கு நன்றி. அதில் என் பெயர் மட்டும். தொலைபேசியில் கேட்டபோது, தம்பிதான் தன் பெயரை நீக்கச் சொன்னதாகவும் காரணம் சொல்லவில்லை என்றும் சிர்க்கா சொன்னார்.

முந்தைய மாதம் கிறிஸ்துமஸுக்கும் அவன் வரவில்லை. நான் கூப்பிடவில்லை.