தூக்கிக்கிட்டுப் போ

ஹாஜி தஹிர் மக்காஸர் நகரத்தில் அதிக நாள் இருந்துவிட்டார். வினை அங்கேதான் தொடங்கியது. எங்கள் கரையிலேயே கிடந்திருந்தால், பள்ளிவாசல் வாசலில் நாலு பேர் காதில் விழும்படி தம்பி பெண்டாட்டி சஹாரியாவைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொல்லியிருக்க மாட்டார்.

"நிலம் என் பேர்ல இருக்கு. உன் வீடுன்னு இவ்வளவு பேசுறியே, உன் வீடுன்னா தூக்கிக்கிட்டுப் போ!"

சிமெண்ட் வீட்டுக்காரர்கள் நடுவே அது ஏச்சு. எங்கள் ஊரில் அது அனுமதி. எங்கள் வீடுகள் மரத்தால் ஆனவை, கல்லின்மேல் கால் ஊன்றி நிற்பவை. தேவைப்பட்டால் தூக்குவோம், வேறு இடத்தில் வைப்போம். நான் பிறந்த வீடே இரண்டு இடத்தில் நின்றிருக்கிறது.

சஹாரியா தலையில் இருந்த துணியைச் சரிசெய்துகொண்டு சுற்றிலும் பார்த்தாள். தொழுகை முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்த எங்கள் எல்லோரையும் பார்த்துக் கேட்டாள்.

"ஹாஜி சொன்னதை எல்லாரும் கேட்டீங்கல்ல?"

கேட்காத மாதிரி நடிக்க யாராலும் முடியவில்லை.

"சரி டாயெங், தூக்கிக்கிட்டுப் போறேன்" என்றாள். வயதில் மூத்தவரை டாயெங் என்றுதான் கூப்பிடுவோம். அவள் கோபத்திலும் அதை விடவில்லை.

ஹாஜி சிரித்தார். தான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்கு அப்போது உறைக்கவில்லை.

சஹாரியாவின் புருஷன் பசோ போன மழைக்காலத்தில் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். பிள்ளை இல்லை. அவன் அண்ணன்தான் ஹாஜி. கடற்கரை நிலம் அப்பா காலத்துச் சொத்து, ஹாஜியின் பேருக்கு மாறியிருந்தது. வீடு அப்படியல்ல. பசோவும் சஹாரியாவும் கடற்பாசி காயவைத்து விற்று, மரம் மரமாக வாங்கிக் கட்டியது. அதன் நடுவில் நிற்கும் கம்பத்தைத் தொப்புள் கம்பம் என்போம். எங்கள் கணக்கில் அது வீட்டுக்காரியுடையது, அவள் இருக்கும்வரை வீடு அவளுடையது. இப்போது நகரத்து ஆள் ஒருவன் வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்கக் குடில்கள் போடப் போகிறானாம். அவனுக்கு வீட்டோடு சேர்த்து கடற்கரையைக் கொடுக்க ஹாஜி வாக்குக் கொடுத்துவிட்டார். வீட்டைப் பிரித்துச் சாப்பாட்டுக் கொட்டகை ஆக்கப் போகிறார்கள் என்று கேள்வி.

பள்ளிவாசல் பேச்சுக்கு முன்பே, அளவு எடுக்க அந்த ஆளைக் கூட்டிக்கொண்டு ஹாஜி ஒருநாள் வீட்டுக்குள் ஏறினார். நானும் கூடப் போயிருந்தேன், படகில் அழைத்து வந்தவன் நான்தான். சஹாரியா தரையில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தாள். உட்கார்ந்திருப்பவர் முன்னால் நடக்கவேண்டுமென்றால் எங்கள் ஊரில் யாராக இருந்தாலும் குனிந்து, வலது கையைத் தாழ்த்தி, "தபே" என்று சொல்லித்தான் கடப்பார்கள். நடக்கத் தெரிந்த குழந்தைக்குக்கூட அது தெரியும். ஹாஜி நிமிர்ந்தபடி அவள் முன்னால் நடந்துபோய் ஜன்னலைத் திறந்தார். நகரத்து ஆளுக்குத் தெரியாது, விட்டுவிடலாம். ஹாஜிக்குத் தெரியும். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனால் நான் வாயை மூடிக்கொண்டுதான் நின்றேன், ஏனென்றால் என் படகுக்கு டீசல் ஹாஜியின் கிடங்கிலிருந்துதான் வருகிறது.

எங்கள் ஊருக்கு ரோடு கிடையாது. வெளியே போகவேண்டுமென்றால் படகு, படகுக்கு டீசல், மீனுக்கு ஐஸ். இரண்டும் ஹாஜியிடம். ஊரே அவர் கைக்குள் என்று சொல்லத் தேவையில்லை.

பள்ளிவாசலில் அந்தப் பேச்சு நடந்த அன்று சாயங்காலமே சஹாரியா எங்கள் வீட்டு ஏணியில் ஏறி வந்தாள். என் மகன் உப்பேயின் பேரை வைத்துத்தான் ஊரில் என்னைக் கூப்பிடுவார்கள்.

"உப்பே அப்பா, வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் எங்க அம்மாவோட இடம் இருக்கு. நடுவுல சதுப்புக்காடு, தூக்கிட்டு நடக்க முடியாது. கடல் வழியாத்தான் போகணும். உங்க படகு வேணும்."

"வீட்டைக் கடல்லயா? பைத்தியமா உனக்கு?"

"கடல் வத்தின நேரத்துல ஆளுங்க தூக்கிட்டு வந்து சேத்துல வச்சாப் போதும். வீட்டுத் தரைக்கு அடியில படகுகளைச் சொருகிக் கட்டுவோம். ஏத்தம் வரும்போது கடலே தூக்கும். கடலுக்கு ஹாஜிகிட்ட பயம் இல்ல."

என் மனைவி நூர்ஹைடா அடுப்படியிலிருந்தே குரல் கொடுத்தாள். "கடலுக்கு இல்ல. இங்க ஒரு மனுஷனுக்கு இருக்கு."

"டீசல் இல்லாம நாளைக்கு நீ என்ன துடுப்பு போடுவியா?" என்றேன்.

"போடுவேன். உன்னையும் பின்னாடி உக்கார வச்சுப் போடுவேன். அவ சரின்னு சொல்லிட்டு வந்திருக்கா, நீ டீசல் கணக்குப் பார்க்குற. மீசையை எதுக்கு வளர்த்து வச்சிருக்க, மீனுக்குக் காட்டவா?"

என் மீசையைப் பற்றி இத்தனை வருஷத்தில் அவள் அப்படிச் சொன்னதே இல்லை. படகு தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

சஹாரியா வீடு வீடாகப் போனாள். கெஞ்சவில்லை. "வியாழக்கிழமை காலையில வீடு தூக்கணும், வாங்க" என்பதோடு சரி. பின்னாலேயே ஹாஜியின் ஆளும் வீடு வீடாகப் போனான். "தோள் கொடுக்கிறவனுக்கு ஐஸும் கிடையாது, டீசலும் கிடையாதுன்னு ஹாஜி சொல்லச் சொன்னார்." முதலில் போனவளுக்குத் தலையாட்டியவர்கள் இரண்டாவது வந்தவனுக்கும் தலையாட்டினார்கள். ஊர் என்றால் அப்படித்தான். எனக்கு எரிச்சலாக வந்தது, என்னையும் சேர்த்துத்தான்.

வியாழக்கிழமை காலை கடல் நன்றாக வற்றிக் கிடந்தது. வீட்டுக்கு அடியில் மூங்கில்கள் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டியாகிவிட்டது. கட்டியவர் புவாங் சொம்பா. வீடு கட்டுவதும் தூக்குவதும் அவர் பொறுப்பில்தான் நடக்கும், யார் சொல்லியும் நிறுத்த மாட்டார், காது வேறு மந்தம். பெண்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். ஆண்களும் வந்திருந்தார்கள், ஆனால் தென்னை மரங்களுக்கு அடியில் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்க. மூங்கிலுக்கு அருகே நின்றது ஏழெட்டுப் பேர். ஒரு வீட்டின் சமையலறையைக்கூடத் தூக்கப் போதாது.

அப்போது ஹாஜி வந்தார். வெள்ளைத் தொப்பி, கஞ்சி போட்ட சட்டை. நேராக ஏணியில் ஏறினார். படியோரம் உட்கார்ந்திருந்த பெண்கள் முன்னால் தபே சொல்லாமல் கடந்து உள்ளே போனார். கூடத்தின் நடுவே சம்மணம் போட்டு உட்கார்ந்து, வசதியாக ஒரு கம்பத்தில் முதுகைச் சாய்த்துக்கொண்டார்.

"இது என் தம்பி கட்டின வீடு. நான் இங்கதான் உக்காந்திருப்பேன். தைரியம் இருக்கிறவன் தூக்கட்டும்!"

கீழே மூங்கில் அருகே நின்றவர்களில் இருவர் மெல்லப் பின்வாங்கினார்கள். சஹாரியா ஏணியின் கீழே நின்றாள். முகம் வெளுத்துவிட்டது. அவ்வளவுதான், முடிந்தது என்று நான் நினைத்தேன்.

புவாங் சொம்பாவுக்கு ஹாஜி சொன்னது எதுவும் காதில் விழவில்லை. அவர் பாட்டுக்குத் தம் வேலையைச் செய்தார். வீட்டைத் தூக்கும் முன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அதை உரக்கக் கேட்டார்.

"வீட்டுக்காரி தொப்புள் கம்பத்துல சாஞ்சு உக்காந்தாச்சா?"

வீடு கிளம்பும்போது வீட்டுக்காரி அப்படி உட்காரவேண்டும். அவளைத் தவிர வேறு யாரும் அன்றைக்கு அந்தக் கம்பத்தில் முதுகு வைக்கக்கூடாது. பதில் வராததால் புவாங் சொம்பா குனிந்து, தரைப்பலகை இடுக்கு வழியாக மேலே எட்டிப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்.

"உக்காந்தாச்சு. ஆனா இந்த அம்மாவுக்குத் தாடி இருக்கே!"

முதலில் சிரித்தது நூர்ஹைடா. அவள் சிரிப்பு சதுப்புக்காடு வரைக்கும் கேட்கும். பிறகு பெண்கள் அத்தனை பேரும். "ஹாஜியம்மா, கெட்டியாப் புடிச்சுக்கோங்க!" என்றாள் ஒருத்தி. "புதுப் பொண்ணு கணக்கா வெக்கப்படுறாங்கடி!" என்றாள் இன்னொருத்தி. தென்னை மரத்தடியில் ஒருவன் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினான். பக்கத்தில் இருந்தவன் பொத்தவில்லை. ஐஸையும் டீசலையும் நினைத்து இறுகிக் கிடந்த முகங்கள் ஒவ்வொன்றாக அவிழ்ந்தன. சிரித்த பிறகு ஒரு மனிதரைப் பார்த்துப் பயப்படுவது கஷ்டம். கையைக் கட்டிக்கொண்டிருந்தவர்கள் கையை அவிழ்த்து, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு மூங்கிலை நோக்கி நடந்தார்கள்.

ஹாஜிக்குத் தாம் சாய்ந்திருந்த கம்பம் எது என்று அப்போதுதான் தெரிந்தது. துள்ளி எழுந்தார். அதற்குள் ஏணியைக் கழற்றிவிட்டார்கள்.

"ஒண்ணா... தூக்கு!" என்றார் புவாங் சொம்பா.

வீடு முனகிக்கொண்டு எழுந்தது. மேலே ஹாஜி மறுபடி அந்தக் கம்பத்தையே கட்டிப் பிடித்துக்கொண்டார். வேறு என்ன செய்வார்?

"இறக்குங்கடா! ஒருத்தனையும் விட மாட்டேன்!"

யாரும் இறக்கவில்லை. கத்திக்கொண்டே, மூச்சு வாங்கிக்கொண்டே, வீட்டைச் சேற்றுவரை கொண்டுபோய் வைத்தோம். என் படகையும் இன்னும் மூன்று படகுகளையும் தரைக்கு அடியில் சொருகிக் கட்டினோம். இனி ஏற்றத்துக்காகக் காத்திருக்க வேண்டியதுதான்.

ஹாஜி ஜன்னலில் நின்றார். இறங்கலாம், நான் தோள் கொடுக்கிறேன் என்றேன். அவருக்கு வீம்பு.

"இறங்க மாட்டேன். கடல் இதைத் தூக்காது. பார்த்துக்கிட்டே இருங்க, சாயந்திரம் இங்கேயே நிக்கும்."

தூக்கினவர்களுக்குப் பெண்கள் காப்பியும் இலையில் அவித்த வாழைப்பழப் பலகாரமும் கொடுத்தார்கள். வாசனை ஜன்னலுக்குப் போயிருக்கும். சஹாரியா ஒரு கோப்பையைக் கம்பு நுனியில் கட்டிய கூடையில் வைத்து மேலே நீட்டினாள். ஹாஜி முகத்தைத் திருப்பிக்கொண்டார். கூடையை அவள் ஜன்னலிலேயே மாட்டிவிட்டு வந்தாள். கொஞ்சம் கழித்துப் பார்த்தால் கோப்பை காலி.

தண்ணீர் வந்தது. கணுக்கால், முழங்கால், இடுப்பு. படகுகள் தரைப்பலகையில் முட்டின. கயிறுகள் இறுகின. வீட்டின் ஒரு மூலை அசைந்தது, பிறகு இன்னொன்று. பிறகு எந்தச் சத்தமும் இல்லாமல் முழு வீடும் மண்ணை விட்டுக் கிளம்பியது. சஹாரியா "அல்லாஹ்" என்று சொல்லிவிட்டு, தண்ணீரில் இறங்கி, என் தோளில் கால் வைத்து வீட்டுக்குள் ஏறினாள்.

வளைகுடாவின் நடுவில் அலை இருந்தது. பின்பக்கம் ஒட்டுப் போட்டிருந்த சமையலறை ஆடியது, கிறீச்சிட்டது, ஒரே இழுப்பில் பிய்த்துக்கொண்டு கடலில் விழுந்தது. நான் இஞ்சினை நிறுத்தப் போனேன்.

"நிறுத்தாதீங்க!" என்று மேலிருந்து சஹாரியாவின் குரல். "சமையல்கட்டு போனாப் போகட்டும். அடுப்பு என்கிட்ட இருக்கு."

நான் தரைக்குக் கீழே இஞ்சின் அருகில் உட்கார்ந்திருந்ததால் அவர்கள் பேசியது எல்லாம் இடுக்கு வழியாகக் கேட்டது. ஹாஜிதான் தொடங்கினார். குரலில் பழைய மிடுக்கு இல்லை.

"இந்த மரத்துல பசோவோட கை இருக்கு. அவன் என் தம்பி. எனக்கும் வேணாமா?"

"அவர் கை இருக்கிறதாலதான் நான் விட்டுட்டுப் போகல, டாயெங். நீங்க அதைப் பிரிச்சுக் கொட்டகை போடக் கொடுத்துட்டீங்க."

"என்கிட்ட கேட்டிருந்தா வேற இடம் கொடுத்திருப்பேன்."

"அது நீங்க கொடுத்த இடமா இருந்திருக்கும். நாளைக்கு அங்கேயும் வந்து ஜன்னலைத் திறப்பீங்க."

அப்புறம் அவர் அலைக்கு வாந்தி எடுத்தார் என்று நினைக்கிறேன். அவள் தண்ணீர் கொடுத்த சத்தம் கேட்டது.

அந்தக் கரையில் அவள் அம்மா வீட்டு ஆட்கள் மூங்கிலோடு காத்திருந்தார்கள். எங்களோடு படகுகளில் வந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். வீட்டைக் கரையேற்றி, புதுக் கற்களின்மேல் நிறுத்தும்போது வெயில் சாய்ந்துவிட்டது. கதவு கொஞ்சம் கோணலாக நின்றது. பின்பக்கம் சமையலறை இருந்த இடத்தில் வானம் தெரிந்தது. புவாங் சொம்பா சுற்றி வந்து பார்த்து, நல்லா நிக்குது என்றார்.

ஏணியை மாட்டினோம். ஹாஜியைக் கூட்டிக்கொண்டு போகவேண்டியவன் நான் என்பதால் ஏணியில் ஏறி வாசலில் நின்றேன். கூடத்தில் சஹாரியா தொப்புள் கம்பத்தில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் அழுதுகொண்டிருந்தாள். துடைக்கவில்லை.

ஹாஜி உள்மூலையில் நின்றார். தொப்பி கோணலாக இருந்தது, சட்டையின் கஞ்சி எல்லாம் போயிருந்தது. வாசலுக்கு வரவேண்டுமென்றால் அவள் முன்னால்தான் வரவேண்டும். பின்பக்கம் வெறும் வெளி. கீழே இரண்டு கரை ஆட்களும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் என்னைப் பார்த்தார். நான் உதவவில்லை. அவர் இரண்டு அடி வைத்தார், அவள் கால் அருகே வந்து நின்றார்.

பிறகு முதுகை வளைத்துக் குனிந்தார். வலது கையைத் தரையை நோக்கித் தாழ்த்தினார்.

"தபே" என்றார்.

சஹாரியா நீட்டியிருந்த காலை மடக்கிக்கொண்டு அவருக்கு வழிவிட்டாள்.