மணல்மேட்டில் மிஞ்சிய புதர்

ஆடுகள் புதருக்குள் தலையை விட்டபடி அசையாமல் நின்றுவிட்டன. பாம்பாக இருக்கும் என்று நினைத்து இருசம்மாள் கோலால் கிளையை விலக்கினாள். உள்ளே ஒரு பெண் குந்தியிருந்தாள். மடியில் மூன்று வயதுக் குழந்தை. அதன் வாயை அவள் உள்ளங்கை இறுக்கி மூடியிருந்தது.

இருசம்மாள் கத்தப்போனாள்.

"கத்தாத அக்கா. ஒன் காலுல விழறேன்."

ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கும் அந்த மேட்டுக்கு இருசம்மாள் ஆடு ஓட்டிவந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. பஞ்சத்தில் தன் ஊரான தோணிரேவில் அவள் ஆடுகள் ஒவ்வொன்றாகச் சரிந்துகொண்டிருந்தபோது, தரகர் மாசிலாமணிதான் வலிய வந்து கூப்பிட்டார். பழவேற்காட்டில் ஒல்லாந்தரின் டச்சுக் கப்பல்களுக்குச் சரக்கு சேர்த்துக் கொடுப்பவர். அந்தச் சரக்கில் மனிதர்களும் உண்டு என்பது ஊருக்கே தெரியும், யாரும் பேசுவதில்லை. மேட்டிலுள்ள சங்கஞ்செடியையும் காரைமுள்ளையும் ஆடுகள் மொட்டையடிக்க வேண்டும், கடலில் கப்பல் பாய் தெரிந்தால் செடிகள் காவல்காரன் கண்ணை மறைக்கக் கூடாது, அவ்வளவுதான் என்றார். வெட்டினால் திரும்பத் தழைத்துவிடும், ஆட்டு வாய் பட்டால் தழைக்காது என்றும் சொல்லிச் சிரித்தார். கூலியாக அரிசி. இருசம்மாள் அன்றைக்கு அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"எத்தினி நாளா இங்க இருக்க?"

"இந்தப் பொதர்ல நாலு நாளு. அதுக்கு மின்ன அதோ, அங்க இருந்தோம்." எல்லம்மா என்ற அந்தப் பெண் காட்டிய இடத்தில் வெறும் மணல்தான் இருந்தது. "கப்பல்ல ஏத்த அடச்சி வெச்சிருந்த கொட்டடியிலேர்ந்து ஆறு பேரா ஓடியாந்தோம். பகல்ல ஒன் ஆடுங்க மேய்ஞ்சினே வரும். நாங்க பின்னால பின்னால நவுந்துனே போனோம். கடசீல மறைவே இல்ல. இவ நைனாவையும் சேத்து நாலு பேர தரகரு ஆளுங்க இட்டுனு போய்ட்டாங்க."

இருசம்மாள் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். போன வாரம் மாசிலாமணி காரணமே சொல்லாமல் ஒரு புதுப்புடவை கொடுத்திருந்தார். இப்போது அது உடம்பில் நெருப்பாய் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆடுகள் அவளைச் சுற்றிக்கொண்டு நிதானமாக இலை கடித்தன. "சீ, போ!" என்று எழுந்து கோலை வீசினாள். ஒன்று கூட நகரவில்லை. மேட்டில் வேறு பச்சையே இல்லை. கொம்பைப் பிடித்து ஒவ்வொன்றாக இழுத்துத்தான் அப்பால் தள்ள முடிந்தது. கலயத்திலிருந்த கஞ்சியைப் புதருக்குள் நீட்டினாள்.

வெயில் சாயும்போது மாசிலாமணி வந்தார்.

"அந்த ஒண்ண மட்டும் ஏன் வுட்டு வெச்ச?"

"பாம்பு கெடக்குது சாமி. ஒரு குட்டிய கடிச்சிட்ச்சு."

அவர் புதரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப நாளைக்குக் காலைல ஆளை வுட்டு நெருப்பு வெச்சிடறேன்" என்று ஒல்லாந்தர் கோட்டைப் பக்கம் நடந்தார்.

அவர் தலை மறைந்ததும் இருசம்மாள் புதரிடம் ஓடினாள். இருட்டிவிட்டால் கரையோரம் காவல் படகு வந்துவிடும். தன் கம்பளியை எல்லம்மாவின் தலையில் போர்த்தினாள். குழந்தை கம்பளிக்குள் அவள் இடுப்பில் ஒடுங்கியது. கோலையும் அவள் கையில் கொடுத்தாள்.

"ஆடு மேய்க்கறவ மாரி நட. திரும்பிப் பாக்காத."

மந்தையின் நடுவே இருவரும் ஏரிக்கு இறங்கினார்கள். தூரத்தில் வலை உதறிக்கொண்டிருந்த ஒருவன் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டான்.

"இந்தத் தடத்துல மார் வரைக்கும்தான் தண்ணி. நேரா போ. எளாவூர்ப் பக்கம் அக்கரைல ஏறிடலாம்."

எல்லம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"ஒண்ணும் சொல்லாத. போ."

குழந்தையைத் தோளுக்கு ஏற்றிக்கொண்டு அவள் தண்ணீரில் இறங்கினாள். முழங்கால், இடுப்பு, மார், பிறகு தூரத்தில் இரண்டு தலைகள் மட்டும். ஆடுகள் விளிம்பில் நின்று கத்தின. இருசம்மாள் திரும்பிப் பார்த்தாள். அந்த ஒரு புதரைத் தவிர மறைக்க ஒரு செடியும் இல்லாத மேட்டின் உச்சியில், நெற்றியில் கையை வைத்துக்கொண்டு மாசிலாமணி ஏரியைப் பார்த்தபடி நின்றிருந்தார்.