சோபனா அடித்த வெள்ளை

கல்லறைத் திருநாளன்று வில்லியனூர்ப் பக்கத்துக் கல்லறைத் தோட்டத்தில் நிற்க இடமிருக்காது. முதல் நாளே புல்லைச் செதுக்கி, சிலுவைக்கு வெள்ளையடித்து, சாமந்தி சாத்தி வைத்திருப்பார்கள். சாமியார் வந்து தீர்த்தம் தெளிக்கும்வரை, ஏற்றிய மெழுகுவத்தி அணையாமல் கையால் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

எண்பதைத் தாண்டிய செபாஸ்டினும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். ஆனால் அவர் முன்னால் இருந்த சிலுவைக்கு அடியில் யாருமில்லை. அவர் தாய் வயிற்றில் இருக்கும்போதே பிரெஞ்சுப் பட்டாளத்துக்குப் போன அப்பா, ஜெர்மன்காரன் குண்டுக்குச் செத்தார் என்று சேதி மட்டும்தான் வந்தது. உடம்பு வரவில்லை. எங்கே புதைத்தார்களோ, மேலே முளைத்த புல்லை யாராவது பிடுங்கினார்களோ, தெரியாது.

அப்படிப்பட்டவருடைய மகள் சோபனா பிரான்சில் வேலை செய்கிற இடம் எது தெரியுமா? ஜெர்மன் சிப்பாய்களைப் புதைத்திருக்கும் கல்லறைத் தோட்டம். புல் வெட்டுகிறாள், கல் கழுவுகிறாள். ஈஸ்டர் சமயத்தில் இது தெரிந்ததிலிருந்து அவர் மகளோடு பேச்சை நிறுத்திவிட்டார். அவள் போன் வந்தால் எழுந்து போய்விடுவார். இன்று எழ முடியாது. கையை எடுத்தால் மெழுகுவத்தி அணைந்துவிடும்.

அது மனைவி ஆரோக்கிய செல்விக்கும் தெரியும். வேண்டுமென்றே பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பீக்கரில் போட்டாள்.

“அம்மா, எங்க சூப்பர்வைசர் என்னைக் கன்னாபின்னான்னு திட்டிட்டான்மா.”

“இன்னாடி பண்ண?”

“ஒரு கல்லுக்கு வெள்ளையடிச்சிட்டேன்.”

“அடிப்பாவி! அங்க அடிக்கக் கூடாதா?”

“கல்லு கல்லாவேதான் இருக்கணுமாம். எனக்கு இன்னா தெரியும்? கல்லறத் திருநாளு வருதே, இவனுக்குன்னு யாருமே வரமாட்டாங்களேன்னு அடிச்சேன். பேர்கூட இல்லம்மா. ‘ஒரு ஜெர்மன் சிப்பாய்’னு வெட்டியிருக்கு, அவ்ளோதான்.”

ஆரோக்கிய செல்வி கணவரைப் பார்த்தாள். அவர் எங்கேயோ பார்த்தபடி இருந்தார். பிறகு சட்டென்று மறு கையால் போனைப் பிடுங்கினார்.

“சுண்ணாம்பா, பெயிண்டா?”

“அப்பா?”

“கேட்டதுக்குப் பதில் சொல்லு.”

“பெயிண்டுபா. சுண்ணாம்புக்கு இங்க எங்க போறது?”

“மக்கு. சுண்ணாம்புன்னா மழையில தானா போயிருக்கும். இப்ப இன்னா பண்ற?”

“பிரஷ் போட்டுத் தேய்ச்சிக்கிட்டிருக்கேன்.”

“பாத்துத் தேய்டி. எழுத்து அழிஞ்சிடப் போவுது. அவனுக்குன்னு இருக்கறது அதான்.”

சோபனா அழுவது ஸ்பீக்கரில் கேட்டது. சாமியார் பக்கத்துக் கல்லறைக்கு வந்துவிட்டார். ஆரோக்கிய செல்வி போனை வாங்கக் கை நீட்டினாள்.

“இரு,” என்றார் செபாஸ்டின். “பேசிக்கிட்டிருக்கேன்ல?”